சங்கிலி இட்டவர் யார்? – மாற்கு 5:1–20ம் நமது பிரசங்கங்களும்

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்திலுள்ள கதரேனர் நாட்டு நிகழ்ச்சி நமது ஆலயங்களில் அடிக்கடி பிரசங்கிக்கப்படும் பகுதிகளுள் ஒன்று. இறையியல் மாணவரின் மாதிரிப் பிரசங்கங்களைத் திருத்தும் பொறுப்பு பல ஆண்டுகளாக நம்மிடம் இருந்து வருகிறது. இப்பகுதியைத் தெரிந்துகொள்ளும் மாணவர்களில் பெரும்பாலோர் ஒரே பாதையில்தான் செல்கின்றனர். முதலாவது, பிசாசின் கொடுமை; இரண்டாவது, ஆண்டவரின் வல்லமை; மூன்றாவது, பன்றிகளின் அழிவு. மூன்றாம் பகுதியில் ஊரார் ஒரு கணம் தலைகாட்டுகின்றனர். ஆண்டவரைவிடப் பன்றிகளை அதிகம் நேசித்தவர்கள் என்று ஒரு சொல்லால் அவர்களைக் கண்டித்துவிட்டுப் பிரசங்கம் முடிகிறது. இப்பாதை மாணவர் தாமே வகுத்துக்கொண்டதன்று. நமது பிரசங்கபீடங்களிலிருந்து கேட்டுக் கற்றதே. நாமும் அவ்வாறே பிரசங்கித்தோம். அதன் விளைவு என்னவாயிற்று என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

நமது பிரசங்க மரபு இப்பகுதியின் தலையாய பாத்திரம் ஒன்றைக் காணத் தவறிவிட்டது. அந்தப் பாத்திரம் ஊர். நிகழ்ச்சியின் இருபது வசனங்களையும் பென்சிலோடு உட்கார்ந்து வாசிப்போர் ஊராரின் கைவேலையை எல்லா இடங்களிலும் காண்பர். அம்மனிதன் அநேகந்தரம் விலங்குகளாலும் சங்கிலிகளாலும் கட்டப்பட்டிருந்தான் என நற்செய்தியாளர் எழுதுகிறார். இங்குக் கிரேக்க மூலத்தில் வினை செயப்பாட்டு வினையாகவே உள்ளது. நமது பழைய மொழிபெயர்ப்பும் அதைக் காத்திருக்கிறது. கட்டப்பட்டான், யாரால் என்பது சொல்லப்படவில்லை. சங்கிலி தானாக வந்து காலில் பூட்டிக்கொள்வதில்லை. ஒருவர் கொல்லனிடம் சென்று செய்வித்திருக்க வேண்டும். இருவர் மூவர் பிடித்திருக்க வேண்டும். அறுந்தபின் மறுபடியும் செய்வித்திருக்க வேண்டும். அநேகந்தரம் என்னும் சொல்லில் ஓர் ஊரின் பல ஆண்டு உழைப்பும் களைப்பும் அடங்கிக் கிடக்கின்றன.

அவனை அடக்க ஒருவராலும் கூடவில்லை என்னும் இடத்தில் வரும் கிரேக்கச் சொல் காட்டு விலங்கைப் பழக்குதலைக் குறிப்பது. யாக்கோபு தமது நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் மிருகங்களும் பறவைகளும் மனிதரால் அடக்கப்படுவதைப் பற்றிப் பேசுகையில் இதே வினையைக் கையாளுகிறார். ஊரார் முயன்றது அடக்குதல். அந்த மனிதனோடு யாரேனும் பேசிப் பார்த்ததாக ஒரு குறிப்பும் இல்லை. அவன் பெயரைக் கேட்ட முதல் ஆள், படகிலிருந்து இறங்கி வந்த அந்நியரே.

இன்னுமொன்று. அவன் இரவும் பகலும் மலைகளிலும் கல்லறைகளிலும் கூக்குரலிட்டு, கற்களால் தன்னைத்தான் காயப்படுத்திக்கொண்டிருந்தான் என்பதும் சொல்லப்படுகிறது. இரவில் அவன் கூவியது நற்செய்தியாளருக்கு எப்படித் தெரிந்தது? கேட்டவர்கள் சொல்லியே தெரிந்திருக்க வேண்டும். ஊரார் படுக்கையில் கிடந்தபடி அக்குரலைக் கேட்டிருந்தனர், பழகியும் போயினர். வீட்டின் பின்கட்டில் பூட்டிய அறை ஒன்று இருக்கும் தெருவில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கல்லறை என்னும் இடத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. உயிரோடிருக்கும் ஒருவனைச் செத்தவரோடு குடிவைத்தது அவ்வூர். நாமோ செத்தவனுக்கும் இடம் மறுத்தவர்கள். தன்னுயிரை மாய்த்துக்கொண்டோருக்கு அடக்க ஆராதனை செய்யலாகாது என்பது 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தின் ஒழுங்கு. அதன் நிழல் நம் கிராமச் சபைகளில் நெடுநாள் நீடித்தது. கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், மணி அடிக்காமல், அங்கியணியாமல் அடக்கஞ்செய்த குருமாரை நாம் அறிவோம். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் மாண்டனர் எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. மகாராஷ்டிரத்திற்கு அடுத்தபடியாக நாட்டிலேயே மிகுந்த எண்ணிக்கை அது. இவர்களுள் நம் சபைப் பதிவேட்டிலிருந்தவர் எத்தனை பேர் என்று எந்தத் திருமண்டலமும் எண்ணிப் பார்த்ததாக நாம் கேள்விப்படவில்லை.

இப்பகுதிக்கு விளக்கம் எழுதுவோர் பொதுவாக இரு அணியாகப் பிரிகின்றனர். ஓரணியார், மனநோய் யாவும் பிசாசின் செயல் என்பதற்கு இதைச் சான்றாக எடுத்துக்கொள்கின்றனர். மற்றோர் அணியார் நவீன மருத்துவ நூல்களைத் திறந்துவைத்துக்கொண்டு அம்மனிதனுக்கு நோய்ப்பெயர் இடுகின்றனர். மனச்சிதைவு என்பார் ஒருவர், பித்துநிலை என்பார் வேறொருவர். இரண்டும் சறுக்குகின்றன. முந்தினவர்களுக்கு மத்தேயு 4:24 போதுமான மறுமொழி. அங்கு நற்செய்தியாளர் பிசாசு பிடித்தவர்களையும், சந்திரரோகிகளையும், திமிர்வாதக்காரரையும் தனித்தனியே வரிசைப்படுத்துகிறார். முதல் நூற்றாண்டின் எழுத்தாளரே நோய் வேறு, பீடிப்பு வேறு என்று பிரித்தெழுதியிருக்க, இருபத்தொன்றாம் நூற்றாண்டில் நாம் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது திருமறையின்மேலுள்ள பற்றால் அன்று. பிந்தினவர்களோ, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரை ஐந்து வசனங்களைக் கொண்டு பரிசோதிக்கத் துணிகின்றனர். எந்த மருத்துவரும் இதற்கு ஒப்பமாட்டார்.

ஆயினும் இவ்விரு அணியாரிடையே ஓர் ஒற்றுமை உண்டு. இருவர் பார்வையும் அந்த ஒரு மனிதனுக்குள்ளேயே நிற்கிறது. அவனுக்குள் இருந்தது ஆவியா நோயா என்று வாதிடுகின்றனர். அவனைச் சுற்றிலும் இருந்தது என்ன என்று கேட்பாரில்லை.

கேட்டவர் சிலர் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1982இல் பிரெஞ்சு மொழியில் வெளியான பலியாடு பற்றிய தமது நூலில் ரெனே ஜிரார் இந்நிகழ்ச்சிக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஊரும் அம்மனிதனும் ஒருவரையொருவர் நம்பியே அந்தப் பழைய ஒழுங்கைக் காத்துவந்தனர் என்பது அவர் வாதம். அவன் கட்டுண்பதும் அறுத்தோடுவதும் ஒரு சடங்கு போல மீண்டும் மீண்டும் நடந்தேறுகிறது. கல்லெறிந்து துரத்தும் ஊருக்குமுன் அவன் தானே தன்மேல் கல்லெடுத்துக்கொள்ளுகிறான். செட் மையர்ஸ் 1988இல் எழுதிய மாற்கு விளக்கத்தில் லேகியோன் என்னும் பெயரை ரோமச் சேனையோடு இணைத்து, அந்நிய ஆட்சியின் சுமை ஒருவனுடைய உடலில் இறங்கி நின்றதாகக் காட்டினார். இரண்டும் நம் மாணவர் படிக்கத்தக்கவை. ஆனால் இரண்டிலும் ஒரு குறை நம் நெஞ்சை உறுத்துகிறது. ஜிரார் கையில் அம்மனிதன் ஒரு கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகிறான். மையர்ஸ் கையில் ஓர் அரசியல் குறியீடாகிறான். குளிரில் ஆடையின்றி நின்ற ஆள் எங்கோ மறைந்துபோகிறான். பிள்ளையைப் பின்கட்டில் வைத்திருக்கும் ஒரு தாயிடம் இவ்விளக்கங்களைக் கொண்டுபோனால் அவள் என்ன செய்வாள்?

அத்தகைய தாய் ஒருத்தியை நாம் அறிவோம். நாம் குருப்பட்டம் பெற்ற ஆரம்ப ஆண்டுகளில் ஒரு கிராமச் சேகரத்தில் ஊழியஞ்செய்தோம். அங்கு ஒரு விதவைத் தாயின் மூத்த மகன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே மனநிலை குன்றி வீடு திரும்பியிருந்தான். அவள் மாதந்தோறும் இரண்டு பேருந்து மாறி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குச் சென்று மாத்திரை வாங்கி வருவாள். ஒருநாள் கூலி அதற்காகப் போய்விடும். அவன் பெரிய தொந்தரவின்றி இருந்தான். திண்ணையில் உட்கார்ந்திருப்பான், ஆலயத்துக்கும் சில வேளை வருவான். ஒரு ஞாயிறன்று மாற்கு ஐந்தாம் அதிகாரம் பாடமாக வந்தது. இளரத்தம், தொண்டையில் பலமிருந்தது. மருந்தாலும் சங்கிலியாலும் ஆகாதது ஆண்டவரின் ஒரே வார்த்தையால் ஆயிற்று என்று முழங்கினோம். மருந்து என்னும் சொல் அப்பகுதியில் எங்கும் இல்லை. பேச்சின் ஓட்டத்திற்காக நாம் சேர்த்துக்கொண்டது அது.

இரண்டு மாதங்களுக்குப்பின் அவன் ஓர் இரவில் வீட்டைவிட்டு வெளியேறினான். பல நாட்கள் கழித்துத் தொலைவிலுள்ள ஒரு ரயில் நிலையத்தில், காலில் புண்ணோடு, காவலர் கண்டெடுத்தனர். செய்தி கேட்டு வீட்டுக்குச் சென்றபோதுதான் மாத்திரைகள் நிறுத்தப்பட்டிருந்தது நமக்குத் தெரியவந்தது. ஏனம்மா நிறுத்தினீர்கள் என்று கேட்டோம். அவள் குரலை உயர்த்தவில்லை. “நீங்கதான ஐயா பிரசங்கத்துல சொன்னீங்க” என்றாள். குறைகூறும் தொனியே அதில் இல்லை. ஐயர் சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான். நாமும் ஒரு சங்கிலி செய்வித்தவர்களே என்பது அன்று தெரிந்தது.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினர். 28 பேர் மாண்டனர். அச்செய்தி வந்த வாரத்தில் பல பிரசங்கபீடங்களிலிருந்து, இது பிற சமயத்தாரின் மூடநம்பிக்கையால் வந்த கேடு என்னும் பொருள்படப் பேசப்பட்டதை நாம் காதாரக் கேட்டோம். அது நியாயமன்று. அக்காப்பகங்கள் தர்காவின் புகழை நம்பிப் பிழைத்த தனியார் விடுதிகள். அங்குப் பிள்ளைகளைக் கொண்டுவிட்டவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர். வேறு இடமில்லாததால் கொண்டுவிட்டனர். நம்மவர் நடத்தும் ஜெப வீடுகள் சிலவற்றிலும் கயிறும் பூட்டும் இருந்ததை மறுப்போர் யார்? 2017இல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் தனது 95ஆம் பிரிவில் நோயாளிகளை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. சட்டம் சங்கிலியை அறுக்கலாம்; கதரேனர் ஊரிலும் சங்கிலி பலமுறை அறுந்துதான் போயிற்று. அறுந்தபின் அவன் சென்றது கல்லறைக்குத்தான்.

இவ்விடத்தில் அவ்வூராருக்காகவும் ஒரு வார்த்தை பேசுவது கடமை. அவர்கள் கொடியவர்கள் என்று நற்செய்தியாளர் சொல்லவில்லை. தன்னைக் கல்லால் வெட்டிக்கொள்ளும் ஒருவனைக் கட்டிவைப்பதைத் தவிர வேறு வழி தெரியாதவர்கள் அவர்கள். நம் குடும்பங்களும் அப்படியே. 2015–16ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டின் வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனுமொரு மனநலக் குறையோடு வாழ்ந்தனர். குறையின் வகையைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே கிட்டவில்லை. இப்படியிருக்க, குடும்பத்தாரைப் பார்த்து அன்பில்லை என்று பிரசங்கிப்பது எளிது. அன்பு இருக்கிறது, இரண்டு பேருந்து மாறிப்போகக் காசு இல்லை.

வேறு வழி காட்டப்பட்டபோது குடும்பத்தார் அதைப் பற்றிக்கொண்டனர் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் தலைவராயிருந்த டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினரையும் வரவழைத்து, மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கவைத்தார். மேனாடுகளில் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பெருஞ்சுவருக்குள் வைப்பதே முறையாயிருந்த காலம் அது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தனது மனநல மையத்தைத் தொடங்கியது. கனடா நாட்டு மிஷனெரி மருத்துவர் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் அதற்கு வழிவகுத்தார். அங்கும் நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்கியிருந்து, சமைத்து, உடனிருந்து, நோயைப் பற்றிக் கற்றுக்கொண்டு திரும்புவது வழக்கமாயிற்று. நமது சபைகளின் காணிக்கையும் ஜெபமும் தாங்கிய ஒரு நிறுவனம் செய்த இந்தக் காரியம் நமது இறையியல் நூல்களில் இடம்பெறவில்லை. மருத்துவமனை வரலாற்றில் ஒரு பத்தியாக நின்றுவிட்டது. நம்மைக் கேட்டால், மாற்கு ஐந்தாம் அதிகாரத்திற்குத் தமிழகத்தில் எழுதப்பட்ட சிறந்த விளக்கவுரை பாகாயத்திலுள்ளது என்போம்.

மருத்துவமனைச் சுவரையும் கடந்து, கிராமத்திற்குள்ளேயே சிகிச்சையைக் கொண்டுசெல்லும் முயற்சியும் நடந்தது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களில் மனச்சிதைவு நோயுள்ள 282 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2014இல் லான்செட் இதழில் வெளியானது. சென்னையிலுள்ள ஸ்கார்ப் நிறுவனமும் அதில் பங்குகொண்டது. ஒரு பகுதியினருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். மறுபகுதியினருக்கு அதனோடு பயிற்சிபெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடுதேடிச் சென்று செய்த உதவியும் கிடைத்தது. வீடுதேடிச் சென்றவர்கள் மருத்துவர்கள் அல்லர். சில வாரப் பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். மாத்திரையை நினைவூட்டினர், வீட்டாரோடு பேசினர், வேலைக்கு வழிதேடினர். பலன் மிதமானது, அற்புதம் என்று சொல்லத்தக்கதன்று. ஆனால் நன்மை தெளிவாக இருந்தது. மிதமான பலன் என்பதை நாம் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறோம். நமது மேடைகளில் இல்லாத சொல் அதுதான்.

ஜிம்பாப்வே நாட்டின் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தலைநகர் ஹராரேயின் ஓர் ஏழைக் குடியிருப்பில், 14 பாட்டிமாருக்குப் பயிற்சி அளித்து, மருந்தகத்திற்கு வெளியே மரப்பலகை இருக்கைகளில் அமர்த்தினார். மனம் நொந்து வருபவர் பாட்டியின் அருகில் அமர்ந்து பேசுவார். தங்கள் துயரத்திற்கு அம்மக்கள் இடும் பெயருக்கு, அளவுக்குமீறி எண்ணிக்கொண்டேயிருத்தல் என்பது பொருள். 2016இல் வெளியான ஆய்வு முடிவு அம்முறையின் பயனை உறுதிப்படுத்தியது. இதைப் படித்தபோது நமது பெண்கள் ஐக்கிய சங்கத்து மூதாட்டியர் நம் கண்முன் வந்தனர். அவர்களை அசனத்திற்குக் காய்கறி நறுக்கவும் ஆலயத்தைப் பெருக்கவும் மட்டுமே அழைத்துவந்தோமே!

மற்றொரு சான்று நம்மில் சிலருக்குக் கசக்கலாம். தமிழ்நாட்டின் ஒரு கோவிலில் சில வாரங்கள் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரை ஆய்வாளர் சிலர் தொடர்ந்து கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். தனிச் சிகிச்சையோ விசேடச் சடங்கோ இன்றியே அவர்களுடைய நோய்க்குறி அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. குடும்பத்தாரோடு தங்க இடம், அன்றாடம் செய்ய ஏதோ சிறு வேலை, யாரும் துரத்தாத நிலை. இவையே காரணமாயிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஆய்வு சிறியது, ஒப்பிட்டுப்பார்க்க வேறு குழுவும் இல்லை. ஆகவே மருந்து வேண்டாம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் நாம் முன்பு செய்த பிழையையே வேறு ஆடையில் செய்வர். ஆனாலும் துரத்தாத இடம் என்பதற்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்பதை ஒரு கோவில் திண்ணை நமக்குக் கற்றுத்தந்தால், கற்றுக்கொள்வதில் வெட்கமென்ன? ஏர்வாடித் தர்காவிலேயே பிற்காலத்தில் துவாவோடு மருந்தும் என்னும் முறையில் அரசு மனநல மருத்துவப் பிரிவு ஏற்படுத்தப்பட்டது. தொழுகைக்கு வந்தவர் அதே வளாகத்தில் மருத்துவரையும் காண முடிந்தது. நமது குணமாக்கும் கூட்டங்களில் எத்தனையில் ஒரு மனநல மருத்துவருக்கு ஒரு மேசை போட்டிருக்கிறோம்?

மீண்டும் மூலப்பகுதிக்கு வருவோம். ஒத்தமை நற்செய்திகள் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். மத்தேயுவில் பிசாசு பிடித்தவர் இருவர், பன்றிகள் மடிந்ததும் ஊரார் ஆண்டவரைப் போகச் சொல்லுகின்றனர், கதை முடிகிறது. குணமானவர்கள் என்ன ஆயினர் என்ற பேச்சே இல்லை. நமது வழக்கமான பிரசங்கம் உண்மையில் மத்தேயுவின் உருவத்தைத்தான் பின்பற்றுகிறது. பாடம் மட்டும் மாற்குவில் வாசிக்கப்படுகிறது. லூக்காவோ தொடக்கத்திலேயே அவன் வீட்டில் தங்காதவன் என்று குறித்துவிட்டு, இறுதியில் ஆண்டவர் அவனை வீட்டுக்கு அனுப்புவதாக முடிக்கிறார். வீடின்மையில் தொடங்கி வீட்டில் முடியும் வடிவம் அது. மாற்கு இன்னும் ஒரு படி சென்று, வீட்டோடு அவன் இனத்தாரையும் சேர்க்கிறார். ஆகவே மாற்குவின் பார்வையில் பன்றிகள் கடலில் மாய்ந்ததோடு குணமாதல் முற்றுப்பெறவில்லை. ஆடையுடுத்தி உட்கார்ந்திருந்ததோடும் முற்றுப்பெறவில்லை. அவனைக் கட்டியவர்களிடமே அவன் திரும்பிச்செல்ல வேண்டியிருந்தது.

அவர்கள் ஏற்றுக்கொண்டனரா என்பதை மாற்கு எழுதவில்லை. அவன் தெக்கப்போலி நாட்டில் பிரசித்தம் பண்ணினான், யாவரும் ஆச்சரியப்பட்டனர் என்கிறார். ஆச்சரியப்படுதல் வேறு, வீட்டுக்குள் விடுதல் வேறு. திரும்பிச்செல்ல வீடே இல்லாதவர்களும் உளர். 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட பான்யன் அமைப்பு தெருவில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்குப் புகலிடமாயிற்று. குணமடைந்தும் எவரும் அழைத்துச்செல்ல வராத பெண்கள் ஆண்டுக்கணக்கில் விடுதியிலேயே தங்கிப்போவதைக் கண்டு, சாதாரணத் தெருக்களில் வாடகைக்கு வீடெடுத்து, நான்கைந்து பேராகச் சேர்ந்து வாழும் ஏற்பாட்டையும் பின்னர் அது செய்தது. வாடகைக்கு வீடு கொடுப்பவர், பால்காரர், அடுத்த வீட்டார் ஆகிய யாவரும் இணங்கினால்தான் இது நடக்கும்.

ஒரு சிறு மொழிக்குறிப்பு. பழைய மொழிபெயர்ப்பில் அம்மனிதன் கல்லறையிலிருந்து எதிரே வந்தான். 1995இல் வெளியான திருவிவிலியத்தில் அவர் வந்தார். ஒருமைக்கும் மரியாதைப் பன்மைக்கும் உள்ள இவ்வேறுபாடு கிரேக்கத்தில் இல்லை. தமிழ்தான் தெரிந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பின் ஓசையில் வளர்ந்த நமக்கு வந்தான் என்பதே காதுக்கு இயல்பு. இக்கட்டுரையிலும் இதுவரை அவன் என்றே எழுதிவந்திருப்பதை வாசகர் கவனித்திருப்பர். ஆனால் புத்தி தெளிந்தபின்னும் அவன் என்றே வாசிக்கும்போது நமக்கு இப்பொழுது நா தடுக்குகிறது. ஊரில் மனநோயுற்றவரை ஐம்பது வயதானாலும் சிறுவர்கூட அவன் இவன் என்று கூப்பிடுவர். மரியாதை விகுதி திரும்பக் கிடைப்பது குணமாதலின் எந்தக் கட்டத்தில் என்று மொழிபெயர்ப்பாளர்கள் யோசித்திருந்தால் நன்று. திருவிவிலியம் குணமாகுமுன்பே கொடுத்துவிட்டது. அதுவே சரி எனத் தோன்றுகிறது.

குணமடைந்தவர் ஆண்டவரோடேகூட இருக்கும்படி உத்தரவு கேட்டார். மூன்றாம் அதிகாரத்தில் பன்னிருவரைத் தெரிந்துகொண்டதன் முதல் நோக்கமாக மாற்கு கூறுவதும், தம்மோடுகூட இருத்தல் என்னும் அதே தொடர்தான். சீடருக்குரிய இடத்தையே அவர் கேட்டார். அது மறுக்கப்பட்டது, மாறாக, பிறருக்குச் சொல்லும் பணி கிடைத்தது. அதே மூன்றாம் அதிகாரத்தில் இயேசுவின் இனத்தாரே அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று அவரைப் பிடிக்க வந்த செய்தியும் இருக்கிறது. பித்தன் என்று பெயரெடுத்தவரே பித்தன் என்று பெயரெடுத்தவரைத் தமது இனத்தாரிடம் அனுப்புகிறார். இவ்விரு அதிகாரங்களையும் பிரித்து வாசித்துப் பழகியதால் இந்த நெருக்கம் நமக்குப் புலப்படாமற் போயிற்று.

நமது கல்லூரிகளில் போதக ஆலோசனைப் பாடத்திற்கு ஆற்றுப்படுத்துதல் என்று பெயர் வைத்திருக்கிறோம். அழகான பெயர், அதன் பொருளை மறந்துவிட்டுப் பாடம் நடத்துகிறோம். பழந்தமிழ் ஆற்றுப்படையில் பரிசில் பெற்றுவரும் ஒருவன் வழியில் வறியவன் ஒருவனைக் கண்டு, தான் சென்ற வழியைச் சொல்லி அனுப்புகிறான். பசியை அறிந்தவனே அங்கு வழிகாட்டி. நமது வகுப்பிலோ பசியறியாதவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆன்டன் பாய்சன் என்னும் அமெரிக்கப் போதகர் 1920இல் தாமே கடும் மனநோயுற்று மருத்துவமனையில் வைக்கப்பட்டார். தெளிந்தபின் 1924இல் வுஸ்டர் மனநல மருத்துவமனையின் சாப்ளின் ஆனார். மறு ஆண்டே இறையியல் மாணவரை அங்கு வரவழைத்து நோயாளிகளிடம் பாடங்கேட்க வைத்தார். இன்று பல நாடுகளில் நடைபெறும் மருத்துவமனைப் போதகப் பயிற்சி அதிலிருந்து கிளைத்தது. அப்பயிற்சியை நாம் இறக்குமதி செய்தோம். நோயுற்றவரே ஆசிரியர் என்ற அதன் உட்கருவைச் சுங்கச்சாவடியிலேயே விட்டுவிட்டோம் போலும்.

நாம் தவறிழைத்த அந்தக் குடும்பத்தின் காரியத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவந்தபின் அவர் மறுபடியும் மருந்துக்குத் திரும்பினார். அடுத்த ஞாயிறு நாம் பிரசங்கபீடத்திலிருந்தே நமது பிழையை அறிக்கையிட்டோம். சேகரக் கமிட்டியில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஐயர் விசுவாசத்தில் குன்றினார் என்று பேச்சு எழுந்தது. கிராமச் செவிலியர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க்கடை உரிமையாளர், நமது சபை மூதாட்டியர் இருவர் என ஐந்து பேர் சேர்ந்தனர். இவர்களில் இருவர் மட்டுமே கிறிஸ்தவர். குழுவுக்குப் பெயர் வைக்கவில்லை. நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. மாதத்துக்கு ஒருவர் மாவட்ட மருத்துவமனைக்கு அவரோடு சென்றுவர வேண்டும். மூதாட்டியர் மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் உட்கார வேண்டும். தேநீர்க்கடையில் காலையில் பாத்திரம் கழுவும் வேலை அவருக்குத் தரப்பட்டது. கூலி கையில் கொடுக்கப்பட்டது, தாயிடம் அன்று. நோட்டில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் வேறு நான்கு பெயர்கள் ஏறின. அந்த நான்கு வீடுகளையும் நாம் பலமுறை சந்தித்திருந்தோம். பின்கட்டு அறையைப் பற்றி அவர்கள் நம்மிடம் வாய்திறந்ததில்லை.

அவர் முழுக் குணமடைந்துவிட்டார் என்று எழுத முடியாது. மழைக்காலத்தில் இருமுறை மீண்டும் நோய் முற்றியது. ஒருமுறை கடைக்காரரையே அடித்துவிட்டார். கடைக்காரர் ஒரு வாரம் வரவேண்டாம் என்றார். எட்டாம் நாள் ஆளனுப்பினார். நாம் அங்கிருந்து மாற்றலாகி வந்து பல ஆண்டுகள் ஆயின. சென்ற ஆண்டு ஒரு திருமணத்திற்காக அவ்வூருக்குப் போனபோது தாய் இல்லை. மூதாட்டியரில் ஒருவர் மட்டும் இருந்தார், பார்வை மங்கி. அவர் இப்பொழுது யார் வீட்டில் சாப்பிடுகிறார் என்று கேட்டோம். கிழமைக்கு ஒரு வீடு என்று அம்மூதாட்டி விரல்விட்டு எண்ணிச் சொன்னார். வியாழக்கிழமைக்கு மட்டும் இன்னும் ஆள் அமையவில்லையாம்.